பத்திரிகைக்கு உப்பிடுவோர் யார்?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குச் சாலை வழியே பிரயாணம் செய்த நேயர்கள் அந்தக் காட்சியை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். முள்ளக்காட்டைத் தாண்டியதும் இருபுறமும் உப்பளங்கள். பாத்தி பாத்தியாகத் தேங்கி நிற்கும் கடல் நீர்; வெயில் ஏற ஏற அதன்மேல் பூத்து வரும் வெண்மை; வரப்போரங்களில் மலை மலையாகக் குவித்துப் பனையோலை வேய்ந்து வைத்திருக்கும் உப்பு. பழைய காயல், முக்காணி, ஆத்தூர் என்று ஊர்களையும், இடையே தாமிரபரணியையும் கடந்து ஆறுமுகநேரியை நெருங்கும்போது, பனங்காட்டின் நடுவே திடீரென்று ஓர் ஆலை நகரம் எதிர்ப்படுகிறது. அதுதான் சாகுபுரம்.

இந்த ஊரின் பெயர் பழைய தமிழ்ப் பெயர் அன்று. வடக்கே சாகு ஜைன் என்னும் வர்த்தகக் குடும்பத்தார் 1950-களின் இறுதியில் இங்கே ஓர் இரசாயனத் தொழிற்சாலையை நிறுவினார்கள். அவர்கள் பெயராலேயே ஊரும் அமைந்தது. உப்பு நீரில் மின்சாரத்தைச் செலுத்திக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுப்பது ஆலையின் மூலத் தொழில். மரத்தையும் மூங்கிலையும் கூழாக்கிக் காகிதம் செய்வதற்குக் காஸ்டிக் சோடா வேண்டும் என்பதையும், அந்தக் கூழை வெளுக்க நெடுங்காலம் குளோரினையே உபயோகித்து வந்தார்கள் என்பதையும் நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அறிவார்கள். ஆகவே, உப்பளத்துக்கும் காகிதத்துக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது. இன்னும் ஒரு பொருத்தம் உண்டு. தேசத்தின் மிகப் பெரிய ஆங்கிலப் பத்திரிகை ஸ்தாபனங்களில் ஒன்றான 'டைம்ஸ் ஆப் இந்தியா'வும் அதே சாகு ஜைன் குடும்பத்தின் மற்றொரு கிளையாரிடமே நெடுங்காலமாக இருந்து வருகிறது.

இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. பத்திரிகை நடத்தப் பணம் வேண்டும். பணம் தொழிலில் உண்டு. தொழிலதிபர் பத்திரிகை நடத்துவதில் வியப்பில்லை. ஆனால் உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டே போகும்போது நம் பாட்டிமார் சொல்லி வைத்த பழமொழி ஒன்று நினைவுக்கு வராமல் போவதில்லை. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது அது. மனிதருக்குப் பொருந்தும் இந்த விதி பத்திரிகைக்கும் பொருந்தும். எவர் உப்பிடுகிறாரோ அவரைப் பத்திரிகை நினைக்கும். அப்படியானால் நம் வீட்டு வாசலில் காலையில் வந்து விழும் பத்திரிகைக்கு உப்பிடுவோர் யார்? இக்கேள்வியை நம்மில் எத்தனை பேர் என்றைக்காவது கேட்டிருக்கிறோம்?

முத்துக்குளித்துறையின் அச்சு

இந்தக் கேள்விக்கு மிகப் பழைய விடை ஒன்று சாகுபுரத்துக்குச் சில மைல் தூரத்திலேயே கிடைக்கிறது. தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் என்ற கடற்கரைச் சிற்றூர் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியப் பாதிரியாரான அண்டிரிக்கு அடிகளார் இங்கே வசித்துத் தமிழ் கற்றார். அவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு புத்தகம். ஆனால் இந்திய பாஷை ஒன்றில், அந்த பாஷையின் எழுத்துக்களிலேயே இந்த மண்ணில் அச்சான முதல் புத்தகம் என்ற கீர்த்தி அதற்கு உண்டு. பிறகு 1586-இல் அடியார்களின் வரலாற்றைச் சொல்லும் பெரிய புத்தகம் ஒன்றும் வெளிவந்தது. அது புன்னைக்காயலிலேயே அச்சேறியது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள்.

இந்த அச்சு வேலைக்குச் செலவு செய்தவர் யார்? போர்ச்சுகல் அரசனா? கோவாவிலிருந்த வைசிராயா? இல்லை. முத்துக்குளித்துறைப் பரதவ மக்களே தங்கள் சம்பாத்தியத்திலிருந்து பணம் திரட்டிக் கொடுத்தார்கள். மூச்சை அடக்கிக் கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்தவர்களின் காசு தமிழ் எழுத்தை ஈயத்தில் வார்த்தது. செலவு செய்தவர்கள் தமிழர். புத்தகமும் தமிழிலேயே வந்தது. அவை சமய நூல்கள்தாம், பத்திரிகைகள் அல்ல. ஆயினும், யாருக்காக அச்சு நடக்கிறதோ அவர்களே அதைத் தாங்குவது என்னும் தர்மத்தை நம் நாட்டில் தொடங்கி வைத்த பெருமை இந்தக் கடற்கரைக்கே உரியது.

இருபத்தைந்து ரூபாய்ப் பங்கும் மூன்று ரூபாய்ச் சந்தாவும்

முந்நூறு வருஷங்களுக்குப் பின் அதே கடற்கரையில் மற்றொரு திரட்டு நடந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலக் கம்பெனி ஏகபோகமாகக் கப்பல் விட்டுக்கொண்டிருந்த காலத்தில், வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசி நாவிகச் சங்கத்தை ஏற்படுத்தினார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். அதை நாற்பதினாயிரம் பங்குகளாகப் பிரித்துப் பங்கு ஒன்று இருபத்தைந்து ரூபாய் என்று வைத்தார்கள். ஏன் பத்துப் பெரிய மனிதர்களிடம் லட்சம் லட்சமாக வாங்கவில்லை? சங்கம் ஜனங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதே காரணம். 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

அந்தச் சங்கத்துக்குத் தமிழ்நாடு முழுவதிலும் ஆதரவு தேடிய பத்திரிகைகளில் முதன்மையானது சென்னையிலிருந்து 1906-ஆம் வருஷம் மே மாதத்தில் வெளிவரத் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகை. அதன் எழுத்துக்கெல்லாம் உயிர்நாடியாக இருந்தவர் சுப்பிரமணிய பாரதியார். கேலிச் சித்திரங்களைத் தமிழ்நாட்டில் முதலில் பிரசுரித்த பெருமையும் அதற்கு உண்டு. ஆனால் நாம் இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அதன் சந்தா விகிதத்தை. சாதாரண ஜனங்களுக்கு வருஷம் மூன்று ரூபாய். மாதம் இருநூறு ரூபாய்க்கு மேல் வருமானமுள்ளவர்களுக்குப் பதினைந்து ரூபாய். ஜமீன்தார்களுக்கும் ராஜாக்களுக்கும் பிரபுக்களுக்கும் முப்பது ரூபாய். சர்க்காருக்கோ ஐம்பது ரூபாய்! தங்களைத் திட்டும் பத்திரிகையைப் படிக்க விரும்பும் துரைமார்கள் எல்லோரையும்விட அதிகம் கொடுத்துவிட்டுப் படிக்கட்டும் என்பது கருத்துப் போலும்.

இதில் வேடிக்கை உண்டு. ஆழ்ந்த யோசனையும் உண்டு. இயன்றவர் அதிகம் கொடுக்க வேண்டும். இயலாதவர் குறைவாகக் கொடுத்தாலும் அதே பத்திரிகை அவருக்கும் கிடைக்க வேண்டும். ஒரே பெரிய கை தாங்கினால் அந்தக் கை விலகும்போது பத்திரிகை விழும். ஆயிரம் சிறு கைகள் தாங்கினால் பத்துக் கை விலகினாலும் நிற்கும்.

1908-ஆம் வருஷம் புயல் அடித்தது. பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றார்கள். மார்ச்சு 12-ந் தேதி சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலகமும் துப்பாக்கிப் பிரயோகமும் உயிர்ச் சேதமும் நிகழ்ந்தன. இவற்றை மறைக்காமல் எழுதிய பத்திரிகைகள் மீது சர்க்காரின் பார்வை திரும்பியது. 'சுதேசமித்திர'னை 1882-இல் தோற்றுவித்த ஜி. சுப்பிரமணிய ஐயரே ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதானார். 'இந்தியா'வின் ஆசிரியராகப் பதிவேட்டில் பெயர் கொடுத்திருந்த எம். சீனிவாசனுக்கு ஐந்து வருஷச் சிறைத் தண்டனை கிடைத்தது. பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். பத்திரிகையும் அவரைத் தொடர்ந்து சென்றது. 1908 அக்டோபரில் அங்கிருந்து மீண்டும் வெளிவந்தது.

எழுத ஆள் இருந்தது. அச்சிட யந்திரம் இருந்தது. படிக்க ஜனங்கள் காத்திருந்தார்கள். ஆயினும் 1910 மார்ச்சு மாதத்தோடு 'இந்தியா' நின்று போயிற்று. காரணம், பிரிட்டிஷ் எல்லைக்குள் அது வரக்கூடாதென்று தடை விதித்துத் தபாலிலேயே சர்க்கார் பிடித்துக்கொண்டதுதான். சந்தாதாரனுக்குப் பத்திரிகை போய்ச் சேராவிட்டால் சந்தா எங்கிருந்து வரும்? புதுச்சேரியில் பாரதியாரின் பேனாவை எவராலும் பிடுங்க முடியவில்லை. அந்தப் பேனாவுக்கும் வாசகருக்கும் நடுவே இருந்த நூலை அறுத்தார்கள், அது போதுமானதாயிற்று.

அதே 1910-இல் வந்த அச்சுச் சட்டம் இன்னும் சூட்சுமமானது. புதிதாக அச்சுக்கூடம் வைப்பவர் ஐந்நூறு முதல் இரண்டாயிரம் ரூபாய் வரை ஜாமீன் கட்ட வேண்டும். சர்க்காருக்குப் பிடிக்காத எழுத்து வெளியானால் ஜாமீன் பறிமுதலாகும். மீண்டும் தொடங்க அதைவிடப் பெரிய தொகை கட்ட வேண்டும். எழுதுகிறவனைச் சிறையில் தள்ளினால் அவன் தியாகியாவான். பணப் பெட்டியைக் காலி செய்தால் அவன் வெறும் கடன்காரன். ஊரார் கடன்காரனுக்கு மாலை போடுவதில்லை அல்லவா? பத்திரிகையைக் கொல்ல விரும்பும் ஆட்சிகள் எல்லாம் உலகெங்கும் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்.

நூறு வருஷம் கழித்து, வேறு கண்டத்தில்

எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று நேயர்கள் எண்ணலாம். அப்படியல்ல. அந்நியர் ஆட்சியோ ஜாமீன் சட்டமோ இல்லாமலே, நம் கண் முன்னால் இதே கதை நடந்திருக்கும் தேசங்கள் உண்டு. 1989-ஆம் வருஷம் முதல் கம்யூனிஸ்டு ஆட்சிகள் ஒவ்வொன்றாகச் சரிந்த கிழக்கு ஐரோப்பாவையும் ருஷ்யாவையும் பாருங்கள். அதுவரை அங்கே பத்திரிகைகளுக்குப் பணக் கவலையே கிடையாது. காகிதம், அச்சு, சம்பளம், விநியோகம் எல்லாம் சர்க்கார் பொறுப்பு. உப்பிட்டவர் ஒருவரே, ஆகையால் நினைக்கப்பட்டவரும் ஒருவரே. ஆட்சி சரிந்ததும் சுதந்திரம் ஒரே இரவில் வந்தது. காகிதப் பட்டியலும் மறுநாள் காலையில் வந்தது!

போலந்தில் 1989 மே மாதம் எட்டாந் தேதி 'கெஸட்டா வைபோர்ச்சா' என்ற பத்திரிகை பிறந்தது. பொதுத் தேர்தலுக்காக எதிர்க்கட்சியார் பெற்ற முதல் சுதந்திர நாளிதழ் அது. ருஷ்யாவில் 1993-இல் 'நோவாயா கெஸட்டா' தொடங்கியபோது, கோர்பச்சேவ் தமக்குக் கிடைத்த நோபல் பரிசுத் தொகையில் ஒரு பகுதியைக் கொடுத்துக் கணிப்பொறிகள் வாங்க உதவினார். ஸெர்பியாவில் வானொலி ஆசிரியராக இருந்த சாஷா வுசினிச்சும், அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவரும் 1990-களின் மத்தியில் ஒரு நிதியை ஏற்படுத்தினார்கள். பத்திரிகைகளுக்குத் தானமாக அல்லாமல் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுப்பது அதன் நோக்கம். சர்க்கார் சார்பான அச்சகத்தை நம்பியிருக்க வேண்டியிராமல் ஸ்லோவாக்கியாவின் 'ஸ்மே' நாளிதழ் சொந்த யந்திரம் வாங்கியது அத்தகைய கடனால்தான். அச்சகம் எவருடையதோ கடிவாளமும் அவருடையது என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

பிறகு வந்த ஆட்சியாளர்களும் ஜாமீன் சட்டத்தின் சூட்சுமத்தை மறந்துவிடவில்லை. ஹங்கேரியில் 2010-க்குப் பிறகு எந்த ஆசிரியரையும் சிறையில் அடைத்ததாகச் செய்தி இல்லை. சர்க்கார் விளம்பரங்கள் நட்புப் பத்திரிகைகளுக்கு மாத்திரம் சென்றன. மற்றவை மெலிந்தன, மெலிந்தவற்றை ஆட்சியாளரின் நண்பர்கள் விலைக்கு வாங்கினார்கள். நாட்டின் பெரிய எதிர்க்கட்சிச் சார்பு நாளிதழான 'நேப்ஸபட்சாக்' 2016 அக்டோபர் எட்டாந் தேதி திடீரென்று நிறுத்தப்பட்டது. 2018-இல் நானூறுக்கு மேற்பட்ட செய்தி ஸ்தாபனங்களை அவற்றின் சொந்தக்காரர்கள் ஒரே அறநிலையத்துக்குத் 'தானம்' செய்துவிட்டார்கள். இவ்வளவு பெரிய தர்மப் பிரபுக்களை நாம் புராணங்களிலும் கண்டதில்லை.

ஆனால் அங்கேயே வேறொரு காட்சியும் உண்டு. 2020 ஜூலையில் 'இண்டெக்ஸ்' என்னும் செய்தித் தளத்தின் தலைமை ஆசிரியர் நீக்கப்பட்டபோது எழுபதுக்கு மேற்பட்டவர்கள் ஒருசேர ராஜினாமாச் செய்து வெளியேறினார்கள். கையில் பணமில்லை. ஜனங்களிடம் கேட்டார்கள். ஜனங்கள் கொடுத்தார்கள். அக்டோபரில் 'டெலெக்ஸ்' பிறந்தது. ஸ்லோவாக்கியாவிலும் அப்படியே. 2014-இல் 'ஸ்மே'யின் பங்குகளில் ஒரு பெரும் பகுதியை ஒரு முதலீட்டுக் கம்பெனி வாங்கியது. ஆசிரியர்கள் பலர் விலகி, வெளிவராத பத்திரிகைக்கு முன்பணச் சந்தா கேட்டார்கள். வாசகர்கள் நம்பிக் கொடுத்த பணத்தில் 2015-ஆம் வருஷத் தொடக்கத்தில் 'டென்னிக் என்' வெளிவந்தது. அதே நாட்டில்தான் 2018 பிப்ரவரியில் யான் குட்சியாக் என்னும் இருபத்தேழு வயதுப் பத்திரிகையாளரும், அவர் மணக்கவிருந்த பெண்ணும் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர் பெரிய மனிதர்களின் பணப் போக்குவரத்தை ஆராய்ந்து எழுதி வந்தவர். ஜனங்கள் வீதிக்கு வந்தார்கள். அடுத்த மாதமே பிரதம மந்திரி பதவி விலக நேர்ந்தது. பத்திரிகையைத் தங்களுடையதாக நினைக்கும் ஜனங்கள் பத்திரிகையாளனின் உயிரையும் தங்களுடையதாகவே நினைக்கிறார்கள்.

ரீகாவும் புதுச்சேரியும்

நம் 'இந்தியா'வின் கதையை அச்சில் வார்த்தாற்போல் ஒத்திருப்பது 'மெதுஸா'வின் கதை. 2014-இல் ருஷ்யாவின் பெரிய செய்தித் தளம் ஒன்றின் ஆசிரியையான கலீனா திம்சென்கோ வேலையிலிருந்து நீக்கப்பட்டார். சகாக்களோடு எல்லை தாண்டி லாட்வியாவின் தலைநகரான ரீகாவுக்குச் சென்று, அங்கிருந்து ருஷ்ய மொழியில் 'மெதுஸா'வை நடத்தலானார். ரீகாதான் அவருடைய புதுச்சேரி. 2021 ஏப்ரலில் ருஷ்ய சர்க்கார் அதை 'அந்நிய ஏஜெண்டு' என்று முத்திரை குத்தியது. விளம்பரதாரர்கள் பயந்து ஓடினார்கள். வாசகர்களிடம் முறையிட்டபோது பல்லாயிரவர் மாதா மாதம் பணம் அனுப்ப முன்வந்தார்கள். அதையும் சர்க்கார் விடவில்லை. 2023 ஜனவரியில் 'விரும்பத்தகாத ஸ்தாபனம்' என்று அறிவித்ததும், ருஷ்யாவிலிருந்து அதற்குக் காசு அனுப்புவதே குற்றமாயிற்று. தபாலை மறித்த 1910-ஆம் வருஷத்துச் சென்னை அதிகாரி இதைக் கண்டால் தம் மாணாக்கரை மெச்சியிருப்பார்.

கோர்பச்சேவ் உதவிய 'நோவாயா கெஸட்டா' என்னவாயிற்று? அன்னா போலித்கோவ்ஸ்காயா 2006-இல் கொலையுண்டார். அவரையும் சேர்த்து அதன் எழுத்தாளர் ஆறு பேர் உயிரிழந்தார்கள். ஆசிரியர் திமித்ரி முரத்தோவ் 2021-இல் சமாதானத்துக்கான நோபல் பரிசை மரியா ரெஸ்ஸாவுடன் பகிர்ந்துகொண்டார். மறு வருஷம் உக்ரேன் யுத்தம் மூண்டதும் பத்திரிகை வெளிவருவது நின்றது. செப்டம்பரில் அதன் லைசென்ஸும் ரத்தாயிற்று.

அப்படியானால் வெளிநாட்டு உதவி வேண்டியதில்லையா? வேண்டும்; இக்கட்டில் கைகொடுப்பவன் எவனானாலும் அவன் நல்லவனே. அது இல்லாதிருந்தால் மேலே சொன்ன பத்திரிகைகளில் பல முளையிலேயே கருகியிருக்கும். ஆனால் அதில் இரண்டு அபாயங்கள் உண்டு. 'அந்நியர் காசு' என்று சொல்லி உள்ளூர் ஆட்சியாளன் அடிக்க அது ஒரு தடியாகிறது. கொடுக்கிறவன் மனம் மாறினால் ஒரே நாளில் ஊற்று வற்றுகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்க சர்க்கார் தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, உக்ரேனில் எத்தனையோ சிறு பத்திரிகைகளின் வரவு செலவு ஏடு ஓர் இரவில் வெறுமையாயிற்று. அந்த நாட்டில் வாசகர் சந்தாவை ஆதாரமாகக் கொண்டிருந்த 'கீவ் இண்டிபெண்டெண்ட்' பத்திரிகையோ தான் நின்றதோடல்லாமல், தன் வாசகர்களிடம் முறையிட்டு வெளியூர்ச் சிறு பத்திரிகைகளுக்கும் நிதி திரட்டிக் கொடுத்தது.

வாசகர் என்னும் எஜமானர்

ஆகப் பத்திரிகைக்கு உப்பிடக் கூடியவர்கள் நால்வர்: சர்க்கார், செல்வர், வெளியார், வாசகர். சர்க்கார் விளம்பரம் கொடுத்தால் விமரிசனத்துக்கு விலை கேட்கும். செல்வர் முதல் போட்டால் தம் மற்றத் தொழில்களுக்குப் பாதகம் வராமல் பார்த்துக்கொள்வார். அவர் எவ்வளவு நல்லவரானாலும் அவருடைய காரியஸ்தர் பார்த்துக்கொள்வார். வெளியார் உதவியைப் பற்றிச் சொன்னோம். எஞ்சியவர் வாசகர்.

வாசகர் மட்டும் குற்றமற்ற எஜமானரா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வம்புக்கும் வதந்திக்கும் காசு கொடுத்து, உண்மைக்குக் கொடுக்காமல் இருப்பவரும் வாசகரே. தாம் முன்பே நம்புவதைத் திரும்பச் சொல்லும் பத்திரிகையைப் போற்றி, மாறாக எழுதினால் சந்தாவை நிறுத்துகிறவரும் அவரே. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சர்க்கார் ஒன்று, செல்வர் சிலர், வாசகர் பல்லாயிரவர். பல்லாயிரவர் ஒரே நாளில் ஒரே கட்டளை இடுவதில்லை. ஆசிரியன் அவர்களில் சிலருக்குக் கோபம் வரும்படி எழுதியும் பிழைத்திருக்க முடியும்.

சாகுபுரத்துக்கு அருகிலுள்ள காயாமொழியில் பிறந்த சி. பா. ஆதித்தனார் இதை நன்கு உணர்ந்தவர். 1942-இல் மதுரையில் அவர் 'தந்தி'யைத் தொடங்கிய காலம் யுத்த காலம், காகிதப் பஞ்சம். வைக்கோலை ஊறவைத்துக் கூழாக்கிக் கையாலேயே காகிதம் செய்து அச்சிட்டார் என்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கும் புரியும் தமிழில் எழுத வேண்டும் என்று அவர் விதித்துக்கொண்டதால், அதுவரை பத்திரிகை வாங்கியே அறியாத டீக்கடைக்காரரும் வண்டிக்காரரும் காசு கொடுக்கும் வாசகராயினர். வாசகரைப் புதிதாக உண்டாக்குவதும் பத்திரிகைக்கு அஸ்திவாரம் போடுவதே.

இணையம் இருண்ட ஐந்து நாட்கள்

இதையெல்லாம் இன்று ஏன் சொல்கிறோம்? 2018-ஆம் வருஷம் மே மாதம் 22-ந் தேதியை இந்தக் கடற்கரை மறக்கவில்லை. தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளன்று தூத்துக்குடியில் போலீசார் சுட்டனர்; அந்தச் சம்பவங்களில் 13 பேர் உயிரிழந்தனர். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று ஜில்லாக்களிலும் இணைய சேவை துண்டிக்கப்பட்டது. ஏறக்குறைய ஐந்து நாட்கள், கையிலிருந்த கைபேசி வெறும் கண்ணாடித் துண்டாயிற்று. உறவினர் பிழைத்தாரா, இறந்தவர் யார் என்ற கேள்விகளுக்கு விடை தேடி ஜனங்கள் காலைப் பத்திரிகையையே எதிர்பார்த்து நின்றார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று பெயர்களை எழுதிக் கொண்டுவந்தவர் ஜில்லா நிருபர்.

பின்னர் நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் விசாரித்து 2022 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அது சட்டசபையில் வைக்கப்பட்டது அக்டோபரில். ஆனால் ஆகஸ்டு மாதமே 'பிரண்ட்லைன்' பத்திரிகை அதன் முக்கிய முடிவுகளை வெளியிட்டுவிட்டது. போலீசாரின் பிழையை அறிக்கை எடுத்துக் காட்டியிருந்ததை நாடு முதலில் அறிந்தது பத்திரிகை மூலம். அந்தப் பத்திரிகையை வெளியிடும் 'ஹிந்து' ஸ்தாபனம் எப்படிப் பிறந்தது தெரியுமா? 1878-இல் திருவல்லிக்கேணி இளைஞர் ஆறு பேர் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி எண்பது பிரதிகள் அச்சிட்டதில் பிறந்தது. சிறு காசின் பயன் எவ்வளவு தூரம் போகிறது, பாருங்கள்!

கடலுக்கு அக்கரையிலும் நம்மவர் பத்திரிகைகள் உண்டு. யாழ்ப்பாணத்து 'உதயன்' காரியாலயத்துக்குள் 2006 மே மாதம் இரண்டாந் தேதி துப்பாக்கிக்காரர்கள் புகுந்து ஊழியர் இருவரைக் கொன்றார்கள். 2013-இல் அதன் அச்சு யந்திரத்துக்குத் தீ வைத்தார்கள். அப்படியும் பத்திரிகை நிற்கவில்லை; யாழ்ப்பாணத்து வீடுகள் அதை வாங்குவதை நிறுத்தாததே அதற்குப் பெரும் பலம்.

நாம் கொடுக்கும் விலை

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். இன்று நாம் தினப் பத்திரிகைக்குக் கொடுக்கும் விலை பெரும்பாலும் அதன் காகிதத்துக்கும் அச்சுக்குமே போதாது. குறையை விளம்பரதாரர் கட்டுகிறார். அவர்களில் மிகப் பெரியவர்கள் மத்திய, மாநில சர்க்கார்கள். கைபேசியில் செய்தி படிப்பவரோ ஒரு காசும் கொடுப்பதில்லை. இனாமாகக் கிடைப்பதே செய்தியின் இயல்பு என்று எண்ணிவிடுகிறார். அவருக்காக வேறு எவரோ கொடுக்கிறார் என்பதை அவர் மறந்துவிடுகிறார். அந்த 'வேறு எவரோ' மறப்பதில்லை.

ஆகவே ஒவ்வொரு குடும்பத்தாரும் செய்யக் கூடியது ஒன்று உண்டு. உங்கள் மதிப்புக்குரிய ஒரு பத்திரிகையைத் தேர்ந்தெடுங்கள். அது அச்சில் வந்தாலும் இணையத்தில் வந்தாலும் சரி, தமிழில் வந்தாலும் ஆங்கிலத்தில் வந்தாலும் சரி. வருஷச் சந்தாவைக் கட்டுங்கள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் படிப்பதைவிட, வசதி குறைந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து ஒரு சந்தா கட்டுவது மேல். 'இந்தியா'வின் சந்தா விகிதத்தை நினைவில் கொள்ளுங்கள்: மூன்று ரூபாய்க்காரர் மூன்று கொடுக்கட்டும், முப்பது ரூபாய்க்காரர் முப்பது கொடுக்கட்டும். பத்திரிகை உங்கள் அபிப்பிராயத்துக்கு மாறாக எழுதும் நாளில் கடிதம் எழுதிச் சண்டை போடுங்கள்; சந்தாவை மட்டும் நிறுத்தாதீர்கள். அந்த நாளில்தான் அது தன் கடமையைச் செய்கிறதோ என்னவோ!

திருச்செந்தூருக்குப் போகும் வழியில் அடுத்த முறை உப்பளங்களைக் காணும்போது நேயர்கள் சற்றே நின்று பார்க்க வேண்டும். அந்தக் குவியல் ஒரு பெரிய பாறையை வெட்டி எடுத்ததன்று. பாத்தி பாத்தியாகப் பல கைகள் வாரிச் சேர்த்தது. பத்திரிகையின் சுதந்திரமும் அப்படியே சேர வேண்டும். நாம் ஒவ்வொருவரும் ஒரு பிடி உப்பு இட்டு வைப்போம். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கும் பத்திரிகை, அப்போது நம்மை நினைக்கும்.